விசாவில் பத்து வருடம், கையில் ஆறு மாதம்: அமெரிக்காவில் தங்கும் காலத்தை நீட்டிப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், மருமகளுக்கு ஆபரேஷன், பேரனுக்குக் காதுகுத்து என்று வருடம் முழுக்க யாராவது ஒருவர் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டே இருப்பார்கள். போகிறவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் மகளின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போனோம். குழந்தை எட்டு வாரம் முந்திப் பிறந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து பேத்தியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் எங்களுக்குக் கொடுத்திருந்த காலத்தில் பாதி கரைந்துவிட்டது. ஊரில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "பத்து வருஷ விசா அக்கா, எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாங்களும் அப்படியே நம்பினோம். ஒருநாள் ராத்திரி மகள் உட்கார்ந்து, எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று காட்டும் எங்கள் ஐ-94 தாளைத் திறந்து பார்த்தாள். இல்லாவிட்டால் தெரியாமலேயே கெடுவைத் தாண்டியிருப்போம். அப்படித் தாண்டினால் ஒரே நாளானாலும் அந்தப் பத்து வருட விசா செல்லாமல் போய்விடும்.

முதலில் உங்கள் தேதியைக் கண்டுபிடியுங்கள்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அமெரிக்க வாசலில் போய் நின்று உள்ளே விடச் சொல்லிக் கேட்பதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் குடிநுழைவு அதிகாரி தீர்மானிக்கிறார். பி-2 என்ற பார்வையாளர் விசாவில் போகும் பெற்றோருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள். அந்தக் கடைசித் தேதி இருக்கும் பதிவுக்குப் பெயர்தான் ஐ-94. முன்பு இதை ஒரு வெள்ளை அட்டையாகப் பாஸ்போர்ட்டில் குத்திக் கொடுப்பார்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கு 2013 முதல் இது கணினியில்தான் இருக்கிறது. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 தளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைக் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். போய் இறங்கிய வாரத்திலேயே எடுத்து அச்சிட்டு வைத்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பழைய பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். அப்படியானால் அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, முதல் பெயருக்கு "எஃப்.என்.யூ." என்று மூன்று எழுத்து போட்டிருப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். ஐ-94 தளத்தில் தேடி "பதிவு இல்லை" என்று வந்தால் பதற வேண்டாம், விசாவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

தேதியை எழுதும்போது அமெரிக்கப் படிவங்களில் மாதம் முன்னால், நாள் பின்னால் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். 08/09 என்றால் ஆகஸ்ட் 9. நம் பழக்கத்தில் படித்தால் செப்டம்பர் 8 ஆகிவிடும், ஒரு மாதம் தவறிப் போகும்.

கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி ஐ-94 உண்டு. இரண்டையும் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் ஒருவருக்குத் தேதியைக் குறைத்துக் கொடுத்திருக்கவும் கூடும்.

நீட்டிப்பு யாருக்குக் கிடையாது?

புதுச்சேரி வாசகர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். புதுச்சேரியை இந்தியாவிடம் பிரான்ஸ் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் அங்கே நிறைய. சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீடுகளில் தாத்தாவுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட், பாட்டிக்கு இந்திய பாஸ்போர்ட் என்று இருப்பது சாதாரணம். பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர் விசா எடுக்காமல், எஸ்டா என்ற இணைய அனுமதியோடு அமெரிக்கா போகலாம். சுலபமாக இருக்கிறதே என்று அப்படியே போய்விடுவார்கள். ஆனால் அந்த வழியில் 90 நாள்தான், அதற்கு நீட்டிப்பே கிடையாது. இடையில் கனடாவுக்குப் போய் வந்தாலும் அந்த நாட்களும் 90-க்குள் சேரும். மருத்துவமனையில் படுக்கும் அளவுக்கு அவசரம் வந்தால் மட்டும், கிளம்புவதற்கு 30 நாள் வரை அவகாசம் கேட்கலாம்.

பாட்டிக்கு ஆறு மாதம், தாத்தாவுக்கு மூன்று மாதம் என்று அங்கே போய்ப் பிரிந்து நிற்பது பெரிய வேதனை. மூன்று மாதத்துக்கு மேல் இருக்கத் திட்டம் இருந்தால், பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவரும் சென்னை அண்ணா சாலையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பி-2 விசா வாங்கிக்கொண்டே கிளம்புவது நல்லது. இங்கிருந்து புறப்பட்ட பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை.

வெறும் வழிப்பயண விசாவில் வந்தவர்களுக்கும் கப்பல், விமானப் பணியாளராக வந்தவர்களுக்கும் நீட்டிப்பு இல்லை. ஐ-94 தேதி ஏற்கெனவே முடிந்தவர்களுக்கும் பொதுவாகக் கிடைக்காது.

எப்போது அனுப்புவது, எவ்வளவு கேட்பது?

ஐ-94 தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் விண்ணப்பியுங்கள் என்று குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறையே சொல்கிறது. யு.எஸ்.சி.ஐ.எஸ். என்று எல்லோரும் சொல்வது இந்தத் துறையைத்தான். உங்கள் தேதி ஆகஸ்ட் 9 என்றால் ஜூன் 25-க்குள் அனுப்பிவிட வேண்டும். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். 45 நாள் தவறிவிட்டாலும் கடைசித் தேதிக்குள் அவர்கள் கையில் சேர்ந்தால் எடுத்துக்கொள்வார்கள். தபாலில் அனுப்புகிறவர்கள், நாம் அனுப்பிய நாள் கணக்கில்லை, போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை கேட்கலாம். ஆனால் தேவையான அளவு மட்டும் கேளுங்கள் என்பது என் கருத்து. எங்களுக்கு டாக்டர் சொன்ன அடுத்த பரிசோதனை அக்டோபர் நடுவில் இருந்தது. அதனால் அக்டோபர் 31 வரை கேட்டோம். காரணத்தோடு ஒட்டிய தேதியைச் சொன்னால் படிக்கிறவருக்கும் நம்பிக்கை வரும்.

நயாகராவைக் கனடாப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று அங்கே சிலர் சொல்வார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அந்த வாசலில் இருக்கும் அதிகாரியின் முடிவு.

கடிதம்தான் முக்கியம்

படிவத்தின் பெயர் ஐ-539. பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண் எல்லாம் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். அதோடு வைக்கும் கடிதத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மூன்று விஷயம் அதில் இருக்க வேண்டும்: ஏன் இன்னும் சில மாதம் வேண்டும், இது தற்காலிகம்தான் என்பதற்கு என்ன ஆதாரம், இத்தனை நாள் வெளியே இருப்பதால் ஊரில் உங்கள் வீடு, வேலை, வருமானம் என்ன ஆகும்.

நாங்கள் எழுதியதன் சாரம் இதுதான். ஆங்கிலத்தில் மகள் எழுதினாள், நான் வரிக்கு வரி கேட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"மகளின் பிரசவத்தின்போது உடன் இருப்பதற்காக வந்தோம். குழந்தை எட்டு வாரம் முன்னதாகப் பிறந்து மருத்துவமனையில் இருந்தது. மகள் இன்னும் முழுதாகத் தேறவில்லை. மருத்துவரின் கடிதம் இணைத்துள்ளோம். அக்டோபர் 31 வரை தங்க அனுமதி வேண்டுகிறோம். திரும்பும் விமானச் சீட்டை அந்தத் தேதிக்கு முன்பாக மாற்றியிருக்கிறோம். கடலூரில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. இருவரும் ஓய்வூதியம் பெறுகிறோம். இங்கே தங்கும் செலவை மகளும் மருமகனும் ஏற்கிறார்கள். நாங்கள் இங்கே எந்த வேலையும் செய்யவில்லை, செய்யவும் மாட்டோம்."

சொல்லில் கவனம் வேண்டும். "பேத்தியைப் பார்த்துக்க வந்திருக்கேன்" என்று நாம் வாய் நிறையச் சொல்வோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால், குழந்தை பார்க்கும் வேலைக்கு வந்ததாக அர்த்தமாகலாம். பி-2 விசாவில் வேலை செய்யக் கூடாது. நீங்கள் சம்பளத்துக்குப் போகவில்லை, பெற்ற மகளோடு இருக்கப் போனீர்கள். அந்த உண்மையை அதற்கு உரிய சொல்லில் எழுதுங்கள். பொய் மட்டும் ஒரு வரிகூட வேண்டாம். இல்லாத நோயைச் சொல்லி எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன். அந்தக் காகிதம் அடுத்த விசா நேர்காணல் வரைக்கும் உங்கள் பின்னால் வரும்.

இணைக்க வேண்டிய தாள்கள்

இருவருடைய ஐ-94, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா பக்கம், மாற்றிய விமானச் சீட்டு, மருத்துவர் கடிதம். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட மகளின் வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு. ஊரில் வேர் இருக்கிறது என்று காட்ட ஓய்வூதியப் புத்தகம், கடலூர் மாநகராட்சி வீட்டு வரி ரசீது.

வரி ரசீதும் பட்டாவும் தமிழில்தானே இருக்கும்? தமிழில் உள்ள எந்தத் தாளோடும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். மொழிபெயர்த்தவர், "எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நோட்டரி முத்திரை தேவையில்லை. எங்களுக்கு மகளின் தோழி செய்து கொடுத்தாள். இதற்காக யாரிடமும் பணம் கொட்ட வேண்டாம். புறப்படும்போதே இந்தத் தாள்களின் நகலைப் பெட்டியில் போட்டுக்கொண்டால், பிறகு பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து பீரோவைத் திறக்கச் சொல்ல வேண்டியிருக்காது.

அனுப்புவது

யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து இணையத்திலேயே அனுப்பலாம். முகவரி "டாட் கவ்" என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் பணம் பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல் கட்டணம் இணையத்தில் 420 டாலர், தாளில் அனுப்பினால் 470 டாலர். கட்டணம் மாறக்கூடியது, கட்டும் நாளில் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்பு கைரேகைக்குத் தனியாக 85 டாலர் வாங்கினார்கள், இப்போது அது இல்லை.

கணவனும் மனைவியும் ஒரே விண்ணப்பத்தில் சேரலாம், கட்டணமும் ஒன்றுதான். தாளில் அனுப்பினால் இரண்டாமவருக்கு ஐ-539ஏ என்ற தனிப் படிவம் வைத்து அவரே கையெழுத்திட வேண்டும்.

காத்திருக்கும் நாட்கள்

அனுப்பியதும் ரசீது எண்ணோடு ஒரு தாள் வரும். அதை உயிர்போல் காப்பாற்றுங்கள். முடிவு வரப் பல மாதம் ஆகலாம், அதற்குள் ஐ-94 தேதி கடந்துவிடும். பயம் வரத்தான் செய்யும், எனக்கும் இரண்டு நாள் தூக்கமில்லை. நேரத்துக்கு விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை இருக்கும் நாட்களைச் சட்டவிரோதத் தங்கலாகக் கணக்கிட மாட்டார்கள். ஆனால் நீங்கள் கேட்ட தேதி வந்துவிட்டால், முடிவு வராவிட்டாலும் கிளம்பிவிடுங்கள்.

இந்த நாட்களில் மகள் வீட்டிலிருந்து மகன் வீட்டுக்குப் போய்த் தங்கினால், பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் ஐந்து நிமிட வேலை. பலருக்கு இது தெரிவதேயில்லை.

மருத்துவக் காப்பீட்டையும் அது முடிவதற்கு முன்பே நீட்டித்துவிடுங்கள். என் கணவருக்குச் சர்க்கரை உண்டு, ஆறு மாதத்துக்குத்தான் மாத்திரை எடுத்துப் போயிருந்தோம். அங்கே மருந்துச் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரை கிடைக்காது. நீட்டிக்கும் எண்ணம் வந்த நாளே மாத்திரையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பென்ஷன். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு மாதம் வேறாக இருக்கும். நீட்டிக்கும் காலத்துக்குள் உங்கள் மாதம் வருகிறதா என்று பாருங்கள். நாங்கள் அக்டோபர் 31 என்று தேதி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவு வந்ததும்

ஒப்புதல் வந்தால் அந்தத் தாளின் அடியில் புதிய தேதியோடு ஐ-94 இருக்கும். அதைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். மறுத்துவிட்டால் அடுத்த நாளிலிருந்தே சட்டவிரோதத் தங்கல் எண்ணிக்கை தொடங்கும், கிடைத்த விமானத்தில் ஏறிவிடுங்கள். 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டால் மூன்று வருடமும், ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்து வருடமும் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது.

எங்களுக்கு முடிவு வருவதற்குள் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். அப்படி வருகிறவர்கள் ரசீதுத் தாள், மாற்றிய டிக்கெட், போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் சென்னையில் குத்திய வருகை முத்திரையின் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை போகும்போது கைப்பையில் இருக்க வேண்டிய உறை அது. பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள் மகள். எங்கள் உறை பீரோவில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.