ஓட்டாஞ்சில்லில் தொடங்கும் பயணம்: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துப் போவது எப்படி?

பிள்ளைகள் பாண்டி ஆடும்போது எறிகிற ஓட்டாஞ்சில்லை எப்போதாவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? உடைந்த ஓட்டின் விளிம்பைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கி வைத்திருப்பார்கள். அதே மாதிரி வட்டச்சில்லுகள் கீழடி அகழாய்வில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. எங்கள் பள்ளியின் கீழடிப் பயணம் ஒவ்வொரு ஆண்டும் ஒரு பிள்ளையின் பையில் கிடக்கும் இந்தச் சில்லிலிருந்துதான் தொடங்கும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை முதல்முறையாக வெளியே அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதன்முதலில் வேறொரு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனபோது, முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் இருபது நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிட்டு ஐஸ் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். மறுநாள் வகுப்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பஸ்ல பாட்டு போட்டாங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதைத் தேடுவது என்று தெரியாமல் போகிறவருக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் வெறும் ஓடுதான். அதற்குப் பிறகு, பயணத்துக்கு முன்பே இரண்டு வாரம் வகுப்பில் வேலை செய்யத் தொடங்கினேன். கீழே வரும் படிகளில் பெரும்பகுதி அந்த இரண்டு வாரத்தைப் பற்றியது.

படி 1: உங்களுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

கீழடி, சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில், வைகைக் கரையை ஒட்டி இருக்கிறது. மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் போனால் ஏறத்தாழ 12 கி.மீ. மத்தியத் தொல்லியல் துறை 2014-15இல் முதல் கட்ட அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடர்ந்து நடத்திவருகிறது. அந்த நான்காம் கட்டத்தில் மட்டும் 5,820 தொல்பொருள்கள் கிடைத்தன. தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்தான தமிழ் பிராமி கீறிய பானை ஓடுகள் 56. நிலமட்டத்திலிருந்து 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டைச் சோதித்ததில் அதன் காலம் கி.மு. 580 என்று வந்தது. அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். கட்டடமே பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும்.

இவற்றில் 353, 580 என்ற இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வையுங்கள். வகுப்பில் இவற்றுக்கு வேலை இருக்கிறது.

படி 2: தனியாக ஒருமுறை போய் வாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் நீங்களும் உடன்வரப் போகும் இன்னொரு ஆசிரியரும் போய்ப் பாருங்கள். கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கே, வண்டி எங்கே நிற்கும், உட்கார்ந்து சாப்பிட நிழல் உண்டா, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வழி எப்படி என்று குறித்துக்கொள்ளுங்கள். வார விடுமுறை எந்த நாள், பள்ளிக் குழுவாக வர முன்கூட்டியே சொல்ல வேண்டுமா, படம் எடுக்கலாமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், காட்சிக் கூடங்களில் நிதானமாக நடந்து ஆறே ஆறு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் காட்ட ஆசையாகத்தான் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு காலைப்பொழுதில் ஆறு பொருள் போதும்.

மாதத்தைப் பொறுத்தவரை, அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரி நல்லது. சித்திரை வெயிலில் அந்தப் பொட்டலில் பிள்ளைகளை நிறுத்தவே கூடாது.

படி 3: பணமும் அனுமதியும்

பயணத்தை வகுப்பில் அறிவிப்பதற்கு முன்பே வண்டி வாடகைக்கு வழி செய்துவிடுங்கள். "முந்நூறு ரூபாய் கொண்டு வாங்க" என்று அறிவித்துவிட்டால், மறுநாளிலிருந்து நான்கைந்து பிள்ளைகள் உங்கள் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். கொண்டுவராதவர்களை எழுந்து நிற்கச் சொல்வதைப் போல ஒரு கொடுமை கிடையாது. நாங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, ஊரில் உள்ள பழைய மாணவர்களிடம் கேட்டு, ஆசிரியர்களும் கொஞ்சம் போட்டு வாடகையைத் தேற்றுவோம். ஒரு பிள்ளைகூட விடுபடாது என்று உறுதியான பிறகுதான் வகுப்பில் வாய் திறப்போம்.

தலைமை ஆசிரியர், மேலாண்மைக் குழு, வட்டாரக் கல்வி அலுவலர் என்று உங்கள் பள்ளிக்கு யார் யார் அனுமதி வேண்டுமோ எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் கைப்பேசி எண்ணோடு வலிப்பு, வீசிங், வண்டியில் போனால் வாந்தி, சேராத உணவு ஆகியவற்றுக்கும் இடம் விடுங்கள். வாகனத்தின் தகுதிச் சான்றையும் காப்பீட்டையும் நேரில் பார்த்து நகல் வாங்கி வையுங்கள்.

படி 4: வகுப்பில் இரண்டு வாரம்

முதல் நாள், சில்லு. பாண்டி ஆடும் பிள்ளைகளிடம் சில்லை வாங்கி மேசைமேல் வையுங்கள். "இது எதிலிருந்து வந்தது? விளிம்பு ஏன் வழவழப்பா இருக்கு? மண்ணுக்குள்ள புதைஞ்சு போனா என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். கீழடி என்ற பெயரைக்கூட அன்று சொல்ல வேண்டாம்.

அடுத்து, பானை. சின்ன மண்பானைகள் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சாக்குக்குள் போட்டு நீங்களே சுத்தியலால் தட்டி உடையுங்கள். ரொம்பப் பொடியாக்கிவிடாதீர்கள், பதினைந்து துண்டுகள் அளவுக்குப் போதும். கூர்முனைகளை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு, குழுவுக்கு ஒரு பானை கொடுங்கள். ஒவ்வொரு குழுவின் பையிலிருந்தும் இரண்டு துண்டுகளைச் சொல்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செல்லோ டேப்பால் ஒட்டிச் சேர்ப்பதுதான் வேலை. வாய்ப்பகுதி முதலில் சேரும், வயிற்றுப்பகுதிதான் படுத்தும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். துண்டு குறைகிறது என்று சண்டையும் வரும். வரட்டும். "இருக்கிற துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு பானை எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியுமா?" என்று அப்போது கேளுங்கள். தொல்லியலாளர் நாள்தோறும் செய்யும் வேலையே அதுதான்.

மூன்றாவது, மண்ணடுக்கு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழைய 20 லிட்டர் தண்ணீர் கேனின் மேல்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பில் டேப் ஒட்டுங்கள். அடியில் களிமண், அதன்மேல் மணல், அதன்மேல் செம்மண், மேலே தோட்டத்து மண் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். அடியில் ஒரு பாசிமணியும் ஓட்டுத்துண்டும், நடுவில் பழைய காசு, மேலே பேனா மூடியும் மிட்டாய்த் தாளும். பிள்ளைகள் ஸ்பூனாலும் பெயின்ட் பிரஷ்ஷாலும் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். எது கிடைத்தாலும் கையில் எடுப்பதற்கு முன் ஸ்கேலால் ஆழத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். பொதுவாக அடியில் இருப்பது பழையது என்று அவர்கள் வாயிலிருந்தே வரும். போன ஆண்டு ஒரு பையன், "எலி வளை தோண்டினா கீழ இருக்கிறது மேல வந்துருமே டீச்சர், அப்ப எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அகழாய்வுக் குழிகளில் உண்மையாகவே கவனிக்கிற சிக்கல் அது. பாராட்டிவிட்டு, கரும்பலகையின் ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதி அழிக்காமல் வைத்திருந்தேன்.

நான்காவது, இரண்டு கயிறுகள். கணக்குப் பாடவேளையில் செய்யலாம். வராந்தாவில் 353 செ.மீ. நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கயிறு அளந்து வெட்டச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளைத் தரையில் தலையும் காலும் தொடப் படுக்கவைத்து அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட மூன்று பேர் வருவார்கள். அவ்வளவு ஆழம்! இன்னொரு நாள், சிவப்புக் கயிறு. இது காலக் கயிறு. 10 ஆண்டுக்கு 1 செ.மீ. என்றால், கி.மு. 580 வரை போக ஏறத்தாழ 260 செ.மீ. வேண்டும். அதில் ஒரு பிள்ளையின் வயது 1 செ.மீ. எழுபது வயதுப் பாட்டிக்கு 7 செ.மீ. நாடு விடுதலை அடைந்தது சுமார் 8 செ.மீ. தூரத்தில். மீதிக் கயிற்றை வகுப்பின் மறுகோடிவரை இழுத்துக்கொண்டு போகும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், இரண்டு கயிற்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஆழமும் காலமும் குழம்பிவிடும். நான் குழப்பியிருக்கிறேன், சரிசெய்ய இரண்டு பாடவேளை ஆனது.

கடைசியாக, எழுத்து. தமிழ் பிராமியில் 'க' ஒரு கூட்டல் குறி. 'ர' ஒரு நேர்கோடு. இவ்வளவு சுலபமா என்று பிள்ளைகள் வியப்பார்கள். எழுத்து அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டி, அவரவர் பெயரின் முதல் எழுத்தை ஓட்டுத்துண்டில் ஆணியால் கீறச் சொல்லுங்கள். கீழடி ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்ற பெயர்கள் இருப்பதை இப்போது சொல்லலாம். தன் பெயரைக் கீறிய கைக்கு, இன்னொருவர் பெயர் கீறிய ஓட்டின் அருமை தானாகத் தெரியும்.

படி 5: தேடல் அட்டை

ஒரு தாளில் ஆறு கேள்விகள். பரீட்சை அட்டையில் கவ்வி, நூலில் பென்சில் கட்டிக் கொடுங்கள். எங்கள் அட்டையில் இருப்பவை இவை:

நம் சில்லைப் போன்ற ஒன்றைக் கண்டுபிடித்து அதே அளவில் வரை.
எழுத்து கீறிய ஓட்டிலிருந்து ஓர் எழுத்தைப் பார்த்து எழுது.
உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான பானை எங்கே?
நூல் நூற்கவோ துணி நெய்யவோ பயன்பட்ட ஒரு பொருள் எது?
தொலைதூரத்திலிருந்து வந்த ஒரு மணி எது?
உன் வீட்டிலும் இருக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடி.

ஐந்தாவது கேள்விக்குச் சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த மணி விடை. அந்தக் கல் மேற்கு இந்தியப் பகுதிகளிலிருந்து வணிகத்தில் வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மூன்றாவதுக்கு நீங்கள் விளக்கம் வைத்திருங்கள்: சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப் படாத உள்பக்கம் கருத்துவிட்டது. எழுதச் சிரமப்படும் பிள்ளை எல்லாவற்றையும் படமாகவே வரையட்டும்.

படி 6: கிளம்பும் நாள்

எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அவர்களில் பெண்கள் கட்டாயம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். எண்ணைச் சொல்லித்தான் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும். சட்டையில் குத்தும் அட்டையில் உங்கள் கைப்பேசி எண் இருக்கட்டும். வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்காரவையுங்கள், எலுமிச்சம்பழமும் காகிதப் பையும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். சாப்பாட்டுக்குப் புளியோதரை கெடாது. தயிர்சாதம் வேண்டாம்.

படி 7: கூடத்துக்குள்

உள்ளே போனதும் உங்கள் வேலை பெரும்பாலும் பேசாமல் இருப்பதுதான். குழு குழுவாக, வேறு வேறு பெட்டியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், அப்போது நெரிசல் இருக்காது. ஏதாவது ஒரு பெட்டிக்கு முன்னால் மட்டும் எல்லோரும் ஐந்து நிமிடம் தரையில் உட்கார்ந்து வரையட்டும். ஒட்டிச் சேர்த்த பானையைப் பார்த்ததும், "இதுலயும் துண்டு காணோம் டீச்சர்!" என்று ஒருவராவது கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு மட்டும் அதட்டாதீர்கள்.

உங்களுக்கு விடை தெரியாத கேள்வி வந்தால், "எனக்குத் தெரியலைம்மா, அங்க இருக்கிற அண்ணன்கிட்ட நீயே கேளு" என்று அனுப்புங்கள். அகழாய்வு நடக்கும் பருவமாக இருந்து, பார்வையாளர்களையும் அனுமதித்தால், குழியருகே 353 செ.மீ. கயிற்றைக் கொண்டுபோங்கள். தடுப்புக்கு வெளியே நின்று கயிற்றையும் குழியையும் மாறி மாறிப் பார்க்கட்டும். கீழே கிடக்கும் எந்த ஓட்டையும் எடுத்துப் பையில் போடக் கூடாது என்று வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். ஏன் கூடாது என்று தண்ணீர் கேன் தோண்டியவர்களுக்கே தெரியும்: எடுத்த ஆழமும் இடமும் தொலைந்துபோகும்.

படி 8: மறுநாளிலிருந்து

மறுநாளே கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். முதலில் தேடல் அட்டைகளைத் தரையில் பரப்பி, அடுத்தவர் வரைந்ததைப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு தானாகக் கிளம்பும். அதன் பிறகு அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம், அதில் விடை கிடைக்காத கேள்விகள்.

இன்னும் ஒரு வாரம் கழித்து வகுப்பிலேயே ஓர் அருங்காட்சியக அலமாரி வையுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பொருளைக் கேட்டு வாங்கி வரலாம்: பல்லாங்குழி, உழக்கு, உறி, பனையோலைக் கொட்டான். பொருளோடு ஒரு சீட்டும் எழுத வேண்டும். என்ன பொருள், யார் கொடுத்தது, எதற்குப் பயன்பட்டது, கடைசியாக எப்போது பயன்பட்டது, இந்த நான்கும் போதும். நான்காவதை எழுத வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். ஒரு மரக்காலோடு வந்த சீட்டில் இப்படி இருந்தது: "எங்க தாத்தா களத்துல நெல் அளந்தது. வண்டிக்காரங்க மூட்டையா எடுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அளக்கல." பிழை திருத்தாமல் அப்படியே ஒட்டினோம்.

முதல் நாள் மேசைமேல் வைத்த ஓட்டாஞ்சில்லும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது, சீட்டோடு. நான்காவது கேள்விக்கு அதன் சொந்தக்காரி "இன்னைக்கு" என்று எழுதியிருக்கிறாள். இடைவேளை மணி அடித்ததும் சீட்டு மட்டும் அங்கே இருக்கும்.