வெளிநாட்டுப் பிள்ளை பெயருக்கு வீட்டை எழுதும் முன்

குன்னூரில் இருபத்தெட்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். மழை மாதங்களில் முத்திரைத்தாள் நமத்துப்போய் பிரிண்டரில் சிக்கும். அதைச் சொல்லிச் சொல்லியே பாதி நாள் போகும். ஆனால் நான் செய்த பெரிய தப்பு நல்ல வெயில் நாளில் நடந்தது.

அருவங்காடு பக்கம் ஒரு அண்ணன், கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணத்துக்கு முன்பே, 2016-ல், வீட்டைத் தான செட்டில்மெண்டாக, அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரமாக, அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். எழுதியவன் நான்தான். மகள் கனடாவில் டொராண்டோ போனாள், நிரந்தர வசிப்புரிமை (பிஆர்) வாங்கினாள், ஒரு ஃபிளாட் பார்த்தாள். அங்கே முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு, சொத்து கைமாறும்போது கட்டும் நில மாற்று வரியில் ஒன்டாரியோ மாகாணம் 4,000 டாலர் வரையும், டொராண்டோ மாநகரம் 4,475 டாலர் வரையும் விட்டுக்கொடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். அவளுடைய வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: உலகத்தில் எங்காவது உங்கள் பெயரில் வீடு இருந்திருக்கிறதா?

இருந்தது. அருவங்காட்டில், ஓட்டு வீடு, பின்னால் நாலு பேரிக்காய் மரம். சலுகை போயிற்று.

இந்த மாதிரிச் சலுகையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கேள்வி உண்டு. அந்தக் கேள்வியின் வாசகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்டாரியோ ‘உலகத்தில் எங்காவது’ என்று கேட்கிறது. கணவனோ மனைவியோ, தம்பதியாக இருக்கும் காலத்தில் வீடு வைத்திருந்தாலும் சிக்கல்தான். மாப்பிள்ளை பெயரில் இருக்கும் வீட்டைக் கல்யாணத்துக்கு முன்பே வேறு பெயருக்கு மாற்றிவிட்டால், பெண்ணாவது தன் பங்குக்குச் சலுகை கேட்கலாம். பிறகு மாற்றிப் பயனில்லை.

இங்கிலாந்தில் இன்னும் கெடுபிடி. 2025 ஏப்ரல் 1 முதல், முதல் வீடு வாங்குகிறவருக்கு 3 லட்சம் பவுண்ட் வரை முத்திரைத் தீர்வை இல்லை. அதற்கு மேல் 5 லட்சம் வரை 5 சதவீதம். விலை 5 லட்சத்தைத் தாண்டினால் சலுகையே கிடையாது. அங்கேயும் வெளிநாட்டு வீடு கணக்கில் வரும், வாரிசாக வந்ததும் வரும். அதோடு விடுவதில்லை: ஏற்கெனவே 40,000 பவுண்டோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள வீடு கையில் இருந்தால், அது குன்னூரில் இருந்தாலும், புது வீட்டுக்கு 5 சதவீதம் கூடுதல். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 3 லட்சம் பவுண்ட் வீட்டுக்குப் பெயரில் எதுவும் இல்லாதவர் கட்டுவது பூஜ்யம். அப்பா எழுதிக் கொடுத்த வீடு இருக்கிறவர் கட்டுவது 20,000 பவுண்ட். பாசத்துக்கு இவ்வளவு விலை வேண்டாம்.

ஆஸ்திரேலியா நமக்கு ஒத்துவரும் ஊர். சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் விக்டோரியா மாநிலமும் ‘ஆஸ்திரேலியாவில் வீடு இருந்ததா’ என்றுதான் கேட்கின்றன. கோத்தகிரி வீடு தடையில்லை. சிட்னிப் பக்கம் வீடு கட்டக் காலி மனை வாங்கினால் 3,50,000 டாலர் வரை தீர்வை இல்லை, 4,50,000 வரை குறைவு. கட்டிய வீட்டுக்கு 8 லட்சம் வரை இல்லை. விக்டோரியாவில் 6 லட்சம் வரை இல்லை, 7,50,000 வரை குறைவு. வாங்கியதும் வாடகைக்கு விட்டுவிட முடியாது. ஒரு வருஷத்துக்குள் குடியேறி, தொடர்ந்து பன்னிரண்டு மாதம் இருக்க வேண்டும். வாங்குகிறவர்களில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். தற்காலிக விசாவில் இருந்தால் சலுகைக்குப் பதில் தண்டம்: விக்டோரியாவில் 8 சதவீதம் கூடுதல், நியூ சவுத் வேல்ஸில் 9. ‘பிஆர் வரட்டும், அப்புறம் மனை பார்’ என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒன்டாரியோவில் வெளிநாட்டவருக்கு அந்தக் கூடுதல் வரி 25 சதவீதம்!

என் அப்பா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர். ஒரு துண்டு நிலத்தில் தன் பெயரைப் பார்க்க அவருக்கு முப்பது வருஷம் ஆயிற்று. போன ஊரில் நிலம் வாங்கத் துடிக்கிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு அவர் ஞாபகம்தான்.

சரி, இங்கே என்ன செய்வது? முதலில், சொத்தில் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிள்ளை மைனராக இருந்தபோது பாகப்பிரிவினையில் பெயர் ஏறியிருக்கும், வீட்டில் யாருக்கும் நினைவே இருக்காது. ஏறியிருந்தால் இப்போது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி நீக்கினாலும் ‘எப்போதாவது இருந்ததா’ என்ற கேள்விக்குப் பதில் மாறாது. மறைத்து உறுதிமொழி கொடுக்காதீர்கள். இங்கே பதிவான பத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது.

பெயர் ஏறவில்லை என்றால், செட்டில்மெண்டை ஒத்திவைத்து உயில் எழுதுங்கள். உயிலில் சொத்து உங்கள் காலத்துக்குப் பிறகுதான் கைமாறும், அதுவரை பிள்ளை பெயரில் எதுவும் இல்லை. மனசு மாறினால் மாற்றி எழுதவும் முடியும். எழுதாமலே விட்டால் வெளிநாட்டுப் பிள்ளையும் வாரிசாக வீட்டில் பங்குக்கு வந்துவிடும். அதனால் வீட்டை இங்கே இருக்கிற பிள்ளைக்கும், தேயிலைத் தோட்டத்தை வெளியே இருக்கிறவருக்கும் என்று உயிலில் பிரிப்பது நல்லது. வெறும் தோட்டம் வீட்டுக் கணக்கில் வராது. உள்ளே ஆள் குடியிருக்கிற லைன் வீடு (தொழிலாளர் வரிசை வீடு) இருந்தால் மட்டும் அங்கேயுள்ள வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பலர் என்னிடம் சண்டை போடுவது இதில்தான். வெளிநாட்டில் குடியிருக்கிற பிள்ளைக்குத் தோட்டத்தைத் தானமாக எழுத முடியாது. அந்நியச் செலாவணி விதிப்படி விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் அவர்கள் விலைக்கும் வாங்கக்கூடாது, தானமாகவும் பெறக்கூடாது. வாரிசாக மட்டும்தான் வரலாம். வீடு என்றால் தானம் செல்லும். ‘அவன் என் பையன்தானே’ என்பார்கள். பையன்தான், சட்டம் அப்படி இருக்கிறது.

உயிலுக்கு வரும்போது இரண்டு சாட்சிகளைக் கூட்டி வாருங்கள். பங்கு கிடைக்கிறவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். பழைய மூலப்பத்திரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வராதீர்கள். போன வாரம் ஒருவர் கொண்டுவந்தது மடிப்பிலேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது.