பழைய லயனல் பொம்மை ரயில் இன்ஜினை மீண்டும் ஓட வைக்கும் முறை

அமெரிக்காவில் வீடு மாறுபவர்கள் வாசலில் மேசை போட்டு விற்கும் பழைய சாமான்களுக்கு நடுவே, கையில் எடுத்தால் எதிர்பாராத கனத்துடன் இருக்கும் ஒரு கறுப்பு ரயில் இன்ஜின் எப்போதாவது கண்ணில் படும். அது பெரும்பாலும் ஜோஷுவா லயனல் கவன் 1900 இல் நியூயார்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்கும். உலகப் போரின் காரணமாக 1942 இல் பொம்மை ரயில்கள் செய்வதை நிறுத்திய அந்நிறுவனம், 1945 இன் இறுதியில் ஒரே ஒரு ரயில் தொகுப்புடன் மீண்டும் தொடங்கியது. அன்றிலிருந்து 1969 வரை வந்தவற்றைத்தான் சேகரிப்பாளர்கள் ‘போருக்குப் பிந்தையவை’ என்கிறார்கள். 1953 இல் வெளிவந்த 2037 என்னும் எண்ணுள்ள நீராவி இன்ஜின் மாதிரியை இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன். அது ஏராளமாக விற்றது, விலை குறைவாகவே கிடைக்கிறது, அதன் உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஆகவே முதல் முயற்சியில் கை தவறினாலும் பெரிய இழப்பு நேராது.

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சீர்செய்வது என்றால் புதிதாக்குவது என்று நினைத்துப் பலர் முதலில் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் எஞ்சியிருக்கும் மூலப் பூச்சு, ஓரங்களில் தேய்ந்திருந்தாலும், அந்த இன்ஜினின் அடையாளச் சான்று. அதை ஒரு முறை அழித்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. 1957 இல் சிறுமிகளுக்கென்று லயனல் வெளியிட்ட ரயில் தொகுப்பில் இதே 2037 இன்ஜின் இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தது. அப்போது கடைகளில் தேங்கிக் கிடந்த அந்தத் தொகுப்பு பின்னாளில் அரும்பொருளானதும், சாதாரணக் கறுப்பு இன்ஜின்களுக்கு இளஞ்சிவப்புப் பூசி விற்பவர்கள் கிளம்பினார்கள். அதனால் இன்று மறுபூச்சுக் கண்ட எந்த இன்ஜினையும் சேகரிப்பாளர்கள் சந்தேகத்துடனேயே புரட்டிப் பார்க்கிறார்கள்.

வாங்கும்போதே உடற்கூட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும். துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்த இந்தக் கூட்டில், ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், உலோகம் உள்ளிருந்தே உப்பி, மயிரிழை வெடிப்புகள் ஓடி, நாளடைவில் பொடிப்பொடியாகும். போருக்கு முந்தைய பொம்மைகளில் இந்நோய் மிகுதி. 2037 போன்றவற்றில் அரிது. நோய் கண்ட வார்ப்புக்கு மருந்து இல்லை என்பதால், அத்தகைய இன்ஜினை அதன் உதிரிகளுக்காக மட்டுமே வாங்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்த இன்ஜினின் எண்ணெய் கோந்தாக இறுகியிருக்கும், கம்பிகளின் ரப்பர் உறை உதிர்ந்திருக்கும்; அந்த நிலையில் மின்சாரம் பாய்ந்தால் சுருள் கருகலாம். முதலில் மல்டிமீட்டரின் ஒரு முனையை அடியில் உள்ள உருளையிலும் மறு முனையைச் சக்கரத்திலும் வைத்துத் தடையை அளக்க வேண்டும். லயனல் தண்டவாளத்தில் மூன்று கம்பிகள் உண்டு. நடுக்கம்பியிலிருந்து இந்த உருளைகள் மின்சாரத்தை எடுக்க, அது சக்கரங்கள் வழியாக வெளிக்கம்பிகளுக்குத் திரும்புகிறது. மீட்டர் சுழியம் காட்டினால் உள்ளே எங்கோ நேர்த்தொடர்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டிருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. சில ஓம்கள் காட்டினால் நம்பிக்கையோடு பிரிக்கத் தொடங்கலாம்.

பிரிக்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு புகைப்படம் எடுங்கள். பக்கவாட்டில் சக்கரங்களை இணைக்கும் தண்டுகளின் வரிசையும், தலைகளுக்கு அடியில் இருக்கும் வளையங்களின் எண்ணிக்கையும் நினைவில் நிற்பதாகத் தோன்றும், மறுநாள் நிற்காது. கழற்றிய திருகுகளை வைக்க நம் சமையலறை அஞ்சறைப்பெட்டியைவிடச் சிறந்த சாதனத்தை நான் கண்டதில்லை. அறை ஒன்றுக்கு ஒரு பகுதி என்று ஒதுக்கிவிட்டால் குழப்பம் இல்லை. திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்த வேண்டும், பொருந்தாத திருப்புளி திருகின் தலையைச் சிதைத்துவிடும். பெரிய சக்கரங்களை மட்டும் அச்சிலிருந்து கழற்றக் கூடாது. இரு பக்கச் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று கால்சுற்று விலகி நிற்குமாறு பொருத்தப்பட்டவை. அந்தக் கோணம் சற்றுப் பிசகினாலும் தண்டுகள் இறுகி, இன்ஜின் நொண்டும்.

மோட்டாரும் விளக்கும் வெளியே வந்த பின், வெறுங்கூட்டை இளஞ்சூடான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் கலந்து, மென்மையான பல் துலக்கியால் கழுவலாம். ஓட்டுநர் அறைச் சன்னலுக்குக் கீழே உள்ள வெள்ளை எண்ணைத் தொடாதீர்கள். அதைச் சுற்றி ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தால் போதும். என் முதல் இன்ஜினில் அங்கே ஆல்கஹால் தொட்ட பஞ்சால் இரண்டே இழுப்பு இழுத்தேன். ‘2037’ என்பதில் கடைசி எண் பஞ்சோடு வந்துவிட்டது. கழுவிய கூட்டை உடனே துடைத்து, ஒரு நாள் முழுதும் காய விடுங்கள்.

இனி மோட்டார். இவ்வேலையில் அதிக நேரம் கேட்பதும், அந்த நேரத்துக்குத் தக்க பலன் தருவதும் இதுதான். சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் சிறு கார்பன் துண்டுகளான பிரஷ்களின் தாங்கியைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றும்போது, பிரஷ்களை அழுத்திக்கொண்டிருக்கும் வில்கள் துள்ளிப் போகாமல் விரலால் காத்துக்கொள்ள வேண்டும். வெளியே வரும் ஆர்மேச்சரின், அதாவது மோட்டாரில் சுழலும் கம்பிச் சுருள் பகுதியின், ஒரு முனையில் மூன்று செம்புத் துண்டுகளாகப் பிரிந்த வட்ட முகம் இருக்கும், அதுதான் கம்யூட்டேட்டர். அதன் மேல் கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்த கரும்பசை படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்த பிறகும் கருமை போகாவிட்டால், 600 எண் உப்புத்தாளைத் தட்டையான பரப்பில் வைத்து, முகத்தை அதன் மேல் வட்டமாக மெல்லத் தேய்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரை மட்டும் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. 1950 இல் லயனல் அறிமுகம் செய்த ‘மேக்னட்ராக்‌ஷன்’ என்னும் அமைப்பின்படி, சக்கரங்கள் எஃகுத் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்வதற்காக 2037 இன் உள்ளே வலிய காந்தம் வைக்கப்பட்டிருக்கிறது. கம்பிநாரின் ஒவ்வொரு துகளையும் அது உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்.

மூன்று செம்புத் துண்டுகளுக்கும் இடையே உள்ள பள்ளங்களில் அடைந்திருக்கும் தூளைப் பல் குத்தும் மரக்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அங்கே அது தங்கினால் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மின்சாரம் குறுக்கே பாய்ந்து, மோட்டார் சூடாகுமே தவிர வேகம் பிடிக்காது. பிறகு மல்டிமீட்டரால் துண்டுகளை இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். எந்தத் துண்டுக்கும் நடுத் தண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. இந்தச் சோதனையில் தோற்ற ஆர்மேச்சரை மாற்றுவதே வழி. வீட்டிலேயே கம்பி சுற்ற முயல்பவர்களின் பொறுமையை மதிக்கிறேன், பரிந்துரைக்க மாட்டேன். பிரஷ்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதியவை போடலாம், விலை அதிகமில்லை. அவை உட்காரும் பித்தளைக் குழாய்களின் உட்புறத்தையும் மறக்காமல் துடைக்க வேண்டும்.

மோட்டார் தூய்மையான பின்னும் இன்ஜின் நகராமல் ரீங்காரம் மட்டும் செய்தால், காரணம் பெரும்பாலும் ‘ஈ-யூனிட்’ எனப்படும் திசைமாற்றியில் இருக்கும். லயனல் ரயில் மாறுதிசை மின்சாரத்தில் ஓடுவதால், தண்டவாளத்தில் முனைகளை மாற்றிக் கொடுத்து அதைப் பின்னோக்கி ஓட்ட முடியாது. ஆர்மேச்சருக்கும் நிலைச்சுருளுக்கும் இடையே உள்ள இணைப்பை இன்ஜினுக்குள்ளேயே மாற்றியாக வேண்டும். அதைச் செய்வது சிறு உருளை ஒன்று. மின்சாரம் ஒவ்வொரு முறை நின்று வரும்போதும், மின்காந்தச் சுருள் உள்தண்டை மேலே இழுக்க, அதில் கோத்த கொக்கி உருளையை ஒரு பல் திருப்புகிறது. முன்னோக்கு, நிறுத்தம், பின்னோக்கு, மறுபடி நிறுத்தம் என்று சுற்று வரும். உருளையின் செம்புப் பட்டைகளை ஒரு பக்கம் நான்கும் மறுபக்கம் இரண்டுமாக மெல்லிய தகட்டு விரல்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

பழுதும் அந்த உருளையிலும் விரல்களிலும்தான். பட்டைகளில் களிம்பு படிந்திருந்தால், மின் தொடர்புகளைத் துடைக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். விரல்கள் அழுத்தம் இழந்திருந்தால், மரக்குச்சியின் முனையால் மயிரளவு உள்ளே தள்ளலாம். அதிகம் தள்ளினால் உருளை திரும்பாது, அல்லது விரல் முறிந்துவிடும். உருளையின் இருபுற முனைகள் தேய்ந்து அது சாய்ந்து நின்றால் புதிய உருளையே தீர்வு. உள்தண்டு வழுக்கி விழாமல் சிக்கினால் எண்ணெய் விட வேண்டும் என்று தோன்றும். விடாதீர்கள், அது தூசியைப் பிடித்து ஆறு மாதத்தில் மறுபடி சிக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எல்லாம் சரியான பிறகும் இலேசான முனகல் கேட்கும். வினாடிக்கு 60 சுற்று வரும் மின்சாரத்தில் அந்தத் தண்டு 120 முறை அதிர்வதன் ஒலி அது. இதைப் பழுது என்று எண்ணித் திசைமாற்றியையே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. கூட்டின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலால் அதைத் துண்டித்து, இன்ஜினை ஒரே திசையில் ஓட விடலாம் என்பதை அவர்கள் அறியவில்லை போலும்.

புகைக்கலத்தில் பழைய புகை வில்லைகளின் வெண்படிவு கட்டியாக இறுகியிருக்கும். உள்ளே நைக்ரோம் கம்பி சூடாகி வில்லையை உருக்க, சக்கரத்தோடு இணைந்த பிஸ்டன் ஒன்று காற்றைத் தள்ளிப் புகையை விட்டு விட்டு வெளியேற்றுகிறது. மெல்லிய கம்பியால் புகைப்போக்கியையும் காற்றுத் துளையையும் திறந்துவிட்டாலே பல கலங்கள் உயிர் பெறும். கலத்தைத் திறக்க நேர்ந்தால், உள்ளே உள்ள பழைய திணிப்பில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்றே எடுத்துக்கொண்டு, அதை நீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசத்துடன், உலர்ந்த நிலையில் சுரண்டாமல் எடுங்கள். வில்லைக்கெனச் செய்த கலத்தில் இன்றைய புகைத் திரவத்தை நேரடியாக ஊற்றக் கூடாது; சூடேற்றியையும் திணிப்பையும் அதற்கேற்ப மாற்றிய பிறகே ஊற்றலாம்.

ரப்பர் உறை உதிர்ந்த கம்பிகள் அனைத்தையும், இன்னும் தாங்கும் என்று தோன்றுபவற்றையும் சேர்த்து, ஒரே தவணையில் மாற்றிவிடுவது நல்லது. பல இழைகள் கொண்ட, வளையும் தன்மையுள்ள மெல்லிய கம்பியை வாங்கி, ஒன்றைக் கழற்றி ஒன்றை ஈயப்பற்று வைத்துக்கொண்டே போனால் இணைப்பு மாறாது.

அச்சுகளுக்கும் ஆர்மேச்சர் தண்டின் இரு முனைகளுக்கும் ஊசி முனையால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், பற்சக்கரங்களுக்குச் சிறிது கிரீஸ். அதற்கு மேல் வேண்டாம். கம்யூட்டேட்டரில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. நம் வீடுகளில் கீச்சிடும் எதற்கும் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். அதை இங்கே மறந்துவிட வேண்டும், ஏனெனில் நியூ ஜெர்சிக் குளிரில் அது நெய்போல் உறைந்து மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும்.

ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜினைவிட டிரான்ஸ்ஃபார்மர்தான் ஆபத்தானது. சுவரில் செருகும் கம்பியின் உறை வெடித்திருந்தால், அதை மாற்றாமல் ஒரு நிமிடம்கூடப் பயன்படுத்தாதீர்கள். 90 வாட் திறனுள்ள பழைய 1033 மாதிரியில் 5 முதல் 16 வோல்ட் வரை கிடைக்கும். இந்த இன்ஜினுக்கு அது தாராளம். ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் அதை நம் 230 வோல்ட் இணைப்பில் நேராகச் செருகினால், அடுத்த நிமிடமே புகை இன்ஜினிலிருந்து அல்ல, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும். 120 வோல்ட்டாகக் குறைக்கும் தனிச் சாதனம் இடையில் வேண்டும். அப்போதும், அமெரிக்காவின் 60 சுற்றுக்கென வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 சுற்று மின்சாரத்தில் கூடுதலாகச் சூடாகும் என்பதால், நீண்ட நேரம் ஓட்டக் கூடாது.

கூட்டை மூடுவதற்கு முன்பே, மோட்டாரைத் தண்டவாளத்தில் வைத்துக் குறைந்த மின்னழுத்தத்தில் முன்னும் பின்னுமாக ஐந்தைந்து நிமிடம் ஓட்டுங்கள். புதிய பிரஷ்கள் கம்யூட்டேட்டரின் தட்டை முகத்துக்கு ஏற்பத் தேய்ந்து உட்காரும்வரை சிறு நீலப் பொறிகள் தெரிவது இயல்பு. பச்சையாகவோ சுற்றிலும் வளையமாகவோ பொறி பறந்தால் உடனே நிறுத்தி, பள்ளங்களை மறுபடி சுரண்டுங்கள். அரை மணி நேரம் ஓடிய பின் ஒரு முறை பிரித்து, புதிதாக உதிர்ந்த கார்பன் தூளைத் துடைத்துவிட்டுக் கூட்டை மூடலாம். பின்னால் இழுத்துவரும் நிலக்கரி வண்டியில் ஊதல் இருந்தால், அதன் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், நேர்திசை மின்சாரத்துக்கு மட்டுமே அசையும் வகையைச் சேர்ந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் ஊதல் பொத்தான் இல்லாவிட்டால் அது ஊதாது. அதற்காக வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை.