சின்னக் கார் எடுக்கிறீர்களா: டர்போவா, சாதாரண எஞ்சினா?

நான் பிறந்தது ஹட்டனில், குடியிருப்பது வெள்ளவத்தையில். பன்னிரண்டு வருடமாக இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கார் ஓட்டுகிறேன். முதலில் டர்போ இல்லாத 1000 சீசீ டொயோட்டா விட்ஸ், இப்போது டர்போ உள்ள 660 சீசீ ஜப்பான் கார். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு, சொந்தத்தில் யார் கார் பார்க்கப் போனாலும் எனக்குத்தான் கோல் வருகிறது. எல்லாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: மாதத்தில் எத்தனை தரம் மலை ஏறுவீர்கள்?

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். காற்று கூடினால் பெற்றோலும் கூட எரியும், இழுவை ஏறும். டர்போ என்பது இவ்வளவுதான். டொயோட்டா ரைஸை எடுத்துப் பாருங்கள். 2019இல் வந்த 996 சீசீ டர்போவுக்கு 140 நியூட்டன் மீற்றர் டோர்க் (இழுவையின் அளவு), அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 தரம் சுற்றும்போதே கிடைக்கும். 2021இல் வந்த டர்போ இல்லாத 1196 சீசீ எஞ்சினுக்கு 113தான், அதற்கும் 4500 சுற்று வரை மிதிக்க வேண்டும். நம் நாட்டில் வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுவதால், 1000 சீசீக்குள் இவ்வளவு இழுவை கிடைப்பது பலரை இழுக்கிறது.

ஆனால் காலையில் காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போய்ப் பாருங்கள். பத்தடி நகர்ந்து பிரேக், மறுபடி பத்தடி. அந்த வேகத்தில் டர்போ விழிப்பதே இல்லை. மெல்ல மிதித்தால் கார் யோசிக்கும், கொஞ்சம் கூட மிதித்தால் ஒரேயடியாகப் பாயும், முன்னால் பஸ் நிற்கும். டர்போ இல்லாத எஞ்சின் காலுக்கு உடனே பதில் சொல்லும். வேலை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் கொழும்புக்குள்தான் என்றால் அதையே எடுங்கள். யாழ்ப்பாணத்துக்கும் அது போதும். கொழும்பிலிருந்து போகும் வழியில் பெரிய ஏற்றம் கிடையாது, முந்தும்போது மட்டும் கொஞ்சம் தூரம் பார்த்து முந்துங்கள்.

மலைநாடு வேறு கதை. அவிசாவளை, கித்துள்கல தாண்டும் வரை விட்ஸ் சமாளிக்கும். ஐந்து பேரும் பைகளுமாகக் கினிகத்தேனை ஏறும்போது ஏசியை நிறுத்தியே ஆகவேண்டும். உயரம் கூடக் காற்றும் மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீற்றருக்குச் சுமார் பத்திலொரு பங்கு வலுவை இழக்கும், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கிட்டத்தட்ட ஐந்திலொரு பங்கு. மெலிந்த காற்றையும் அமுக்கித் தருவதால் டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும்.

பாவித்த டர்போ கார் வாங்கும்போதுதான் மிகக் கவனம் தேவை. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது மெல்லிய ஒயில் படலத்தின் மேல். என் காரின் முந்தைய சொந்தக்காரர் ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருக்கிறார். ஓடிய தூரம் காட்டும் மீற்றரை மட்டும் நம்பி வாங்கினேன். மூன்றாம் மாதம் வட்டவளைக்கு மேலே நீலப் புகை கிளம்பியது, டர்போவையே மாற்ற வேண்டி வந்தது.

அதனால் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள், உட்புறம் கறுப்புச் சேறு படிந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாயைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். லேசான ஒயில் ஈரம் பரவாயில்லை, தேங்கி நிற்கக் கூடாது. தெஹிவளை மேம்பாலத்தில் நன்றாக மிதித்து ஏற்றுங்கள், ஊளைச் சத்தம் கேட்டால் வேண்டாம். சேர்விஸ் புத்தகம் இல்லாத டர்போ காரை, விலை எவ்வளவு குறைந்தாலும், நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

வாங்கிய பிறகு 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுங்கள். செங்குத்தாக ஏறி வந்ததும் உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். காரின் கையேடு ரெகியுலர் (சாதாரண பெற்றோல்) என்று சொன்னால் ஒக்டேன் 92 பெற்றோலே போதும்.

வருடத்தில் ஒன்றிரண்டு பயணத்துக்காக டர்போ வேண்டாம். என் தங்கை கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள், அவளைச் சாதாரண எஞ்சின்தான் எடுக்கச் சொன்னேன். எனக்கு மாதம் இரண்டு தரம் ஹட்டன் போகவேண்டும், அம்மா அங்கேதான். கினிகத்தேனையில் இப்போது ஏசியை நிறுத்துவதில்லை.