குண்டும் குழியுமான பெங்களூரு ரோட்டுக்கு டயர், சஸ்பென்ஷன், வீல்: எதை முதலில் பார்ப்பது?

ஜே.சி. ரோடு பக்கம் கார் சாமான் கடைகளில் சனிக்கிழமை கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது அலாய் வீல், அதாவது அலுமினியக் கலவைச் சக்கரம். அதற்குப் பொருந்துகிற டயர் அப்புறம். கொஞ்ச நாள் போனதும் ‘வண்டி தூக்கித் தூக்கிப் போடுது’ என்று மெக்கானிக்கிடம் போவார்கள். இந்த ஊர் ரோட்டுக்கு இந்த வரிசை சரிவராது. முதலில் டயரின் பக்கச்சுவர் உயரம், அடுத்து ஏற்கெனவே இருக்கிற சஸ்பென்ஷனை (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பு) சரியாக வைப்பது, ரிம் கடைசி.

இங்கே இருக்கும் நம்ம ஆட்களின் ஓட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வாரம் முழுக்க அல்சூர், கே.ஆர். புரம், சில்க் போர்டு என்று ஊர்வது. லீவு விட்டால் அத்திப்பள்ளி டோல் தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்குப் பறப்பது. அதனால் பள்ளத்துக்குப் பயந்து கரடுமுரடான ஆஃப்ரோடு டயர் பக்கம் போகாதீர்கள். ஹைவேயில் இரைச்சல் தாங்காது, மைலேஜும் குறையும்.

படி 1: இப்போது இருக்கும் டயரைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்பதுபோல எழுதியிருக்கும். 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல், டயரின் உள்ளமைப்பு வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். 88 எடைக் குறியீடு: ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் என்று சொல்கிறது. நமக்கு அந்த வேகத்தால் உபயோகமில்லை என்றாலும், கம்பெனி கொடுத்த எழுத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

படி 2: பக்கச்சுவரை மில்லிமீட்டரில் கணக்குப் போடுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். 185-ஐ 0.65-ஆல் பெருக்கினால் 120 மி.மீ. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற ரப்பரும் காற்றும் இவ்வளவுதான். பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது பக்கச்சுவர் மடங்கி, ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் இடையே நசுங்கும். உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்துவிட்டால், அந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளி கொப்புளம்போல் புடைக்கும். அதற்கு ஒட்டு கிடையாது, டயரை மாற்றியே ஆக வேண்டும்.

இப்போது நான்கு அளவுகளை ஒப்பிடுங்கள். 165/80 ஆர்14-க்குப் பக்கச்சுவர் 132 மி.மீ. 185/65 ஆர்15-க்கு 120. 195/55 ஆர்16-க்கு 107. 205/45 ஆர்17-க்கு 92. நான்கிலும் டயரின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட 620 மி.மீ.தான். அதாவது ரிம் பெரிதானாலும் வண்டி உயராது, ரப்பரின் உயரம்தான் குறையும். ஸ்விஃப்ட்டில் கீழ் வேரியன்ட்டுக்கு 14 இன்ச், மேல் வேரியன்ட்டுக்கு 15 இன்ச் வருகிறது. என் அக்கா பையன், “மாமா, 17 போட்டா செம்மயா இருக்கும்” என்றான். “இருக்கும்டா, பனத்தூர் ரோட்டுல இறங்குற வரைக்கும்” என்றேன். கீழ் வேரியன்ட் வாங்கியவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளவே வேண்டாம். இந்த ரோட்டுக்கு அவர்களுடையதுதான் நல்ல டயர்.

ரிம் பெரிதாக இருந்தாலே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில எஸ்யூவிகளில் வரும் 215/60 ஆர்17-க்குப் பக்கச்சுவர் 129 மி.மீ. இருக்கிறது. இன்ச்சைவிட மில்லிமீட்டரைப் பாருங்கள். 120-க்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி, 100-க்குக் கீழே போனால் பர்சுக்கு வேலை வரும். சின்ன ரிம்முக்கு மாறுவதென்றால், அதே மாடலின் வேறொரு வேரியன்ட்டில் அந்த அளவு வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பிரேக் காலிப்பரில் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ரிம் இடிக்கலாம்.

படி 3: டயர் வாங்கும்போது

பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. கடைக்காரர் ‘புது ஸ்டாக் சார்’ என்றாலும் குனிந்து பார்த்துவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். எடைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்களா? புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரத்தில் ஓடும் வண்டி என்பதால் முன்னால்தான் போட வேண்டும் என்று கடையில் வாதாடுவார்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கிலேயே தெரியும், சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றும், புதிதாக ஓட்டுகிறவருக்குக் கைக்கு அடங்காது. டயர் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் தெரியும்; ரப்பர் அதுவரை தேய்ந்தால் மிச்சம் 1.6 மி.மீ.தான். ஜூன் மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 4: காற்று

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். காலையில் டயர் சூடாகும் முன் அந்த அளவுக்கு அடியுங்கள். ‘குலுக்கல் குறையும்’ என்று காற்றை இறக்கினால் ரிம்தான் அடிவாங்கும். ஹைவேயில் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜனுக்குத் தனிக் காசு தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

படி 5: சஸ்பென்ஷன், சத்தத்தைக் கேளுங்கள்

புது ஷாக் அப்சார்பர் வாங்கும் முன் எது கெட்டது என்று தெரிய வேண்டும். ஜன்னலை இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டு, சின்னச் சின்ன மேடுள்ள தெருவில் 15, 20 வேகத்தில் ஓட்டுங்கள். சின்ன மேட்டிலேயே ‘கடகட’ என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் சின்ன ராடு. விலையும் வேலையும் குறைவு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட், ஷாக் அப்சார்பரை மேலே வண்டியோடு பிடித்திருக்கும் பாகம். பிரேக் பிடிக்கும்போது அடியில் ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர். ஹம்ப்ஸ் (வேகத்தடை) தாண்டியும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால்தான் ஷாக் அப்சார்பர்மேல் சந்தேகப்படுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பி கறுப்பாக இருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. மாற்றும்போது இடது வலது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், கூடவே மவுண்டையும், முழுதாக அமுங்கும்போது இடியாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பையும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது).

சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி ஹம்ப்ஸ் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். நம் ஏரியாவில் குடியிருப்பவர்களே போட்டுக்கொள்ளும் மேடு அதில் பாதி நீளம்கூட இருக்காது, அடி தட்டத்தான் செய்யும். அதற்காக ஸ்பிரிங்குக்கு இடையில் ரப்பர் திணிப்பதும், ஸ்பேசர் வைத்து உயர்த்துவதும் என் கணக்கில் வேண்டாத வேலை. ரப்பர் ஸ்பிரிங்கை இறுக்கிவிடும், குலுக்கல் கூடும். உயர்த்தினால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் மாறி ஜாயின்ட் தேயும். வண்டியைத் தாழ்த்துவது பற்றி இந்த ஊரில் பேச்சே வேண்டாம்.

படி 6: கடைசியாக ரிம்

இரும்பு ரிம் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். அலாய்தான் வேண்டுமென்றால் போல்ட் அமைப்பு, ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற அளவு), நடு ஓட்டை மூன்றும் பொருந்த வேண்டும். ஸ்விஃப்ட்டுக்கு 4 போல்ட், அவை அமையும் வட்டம் 100 மி.மீ., நடு ஓட்டை 54.1 மி.மீ. ஓட்டை பெரிதாக இருந்தால் வளையம் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். ஆஃப்செட் தவறினால் சக்கரம் வெளியே துருத்தும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

பெரிய பள்ளத்தில் விழுந்துவிட்டால் ஓரம் கட்டி, டயரின் வெளிப்பக்கத்தோடு உள்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு அங்கேயும் ஒளிந்திருக்கும். வழக்கமான இன்ஷூரன்ஸில் டயர் மட்டும் போனால் பணம் வராது. வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் மாற்றுச் செலவில் 50 சதவீதம் வரை. டயருக்கென்று தனி ஆட்-ஆன் (கூடுதல் காப்பீடு) எடுத்திருந்தால் அதன் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதை மாதம் ஒருமுறை, மற்ற நான்குக்கும் அடிக்கும்போதே சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சர் கடைப் பையன் தானாகக் கேட்கமாட்டான்.