பிளாக்பெர்ரி ஒயின்: வினிகர் ஆகாமல் போடுவது எப்படி?

முதல் வருடம் நான் போட்டது ஒயின் இல்லை, வினிகர். மூன்று மாதம் காத்திருந்து திறந்தால் மூக்கைத் துளைக்கிற நெடி. கோழிக்கறி ஊறவைக்கத்தான் உதவியது.

நான் இருக்கும் இங்கிலாந்தில் ஆகஸ்ட் கடைசியில் கால்வாய் ஓரமெல்லாம் பிளாக்பெர்ரி பழுத்துக் கிடக்கும். காசில்லாமல் பறிக்கலாம். முழங்காலுக்கு மேலே இருப்பதை மட்டும் பறியுங்கள். கீழே இருப்பது நாய்களின் எல்லை. ஒன்றரைக் கிலோ போதும். அலசி, இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பழம் தானாகவே சாறு விட்டுவிடும்.

ஒரு கிலோ சர்க்கரையை மூன்று லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஆறியதும் வாளியில் உள்ள பழத்தின்மேல் ஊற்றி மசியுங்கள். காட்டு ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்கும் கேம்டன் (சல்ஃபைட்) மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். பிறகு சாறு தெளிய ஒரு தேக்கரண்டி பெக்டிக் என்சைம், அதோடு ஒயின் ஈஸ்ட். எனக்கு லால்வின் 71பி பிடிக்கும். பழவாசனை நன்றாக நிற்கிறது. ரொட்டி ஈஸ்ட் வேண்டவே வேண்டாம். அதில் போட்டால் ஒயினிலும் மாவு வாசனைதான்.

ஈஸ்ட் போடுமுன், சாற்றின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள். 1.090 பக்கம் காட்ட வேண்டும். வாளியைத் துணியால் மூடி, ஐந்து நாள் காலையும் மாலையும் கிளறுங்கள்.

நான் கோட்டைவிட்டது இதற்கு அடுத்த கட்டத்தில். நாகர்கோவிலில் பாட்டி கிறிஸ்துமஸ் ஒயின் போடும்போது பரணியைத் தினமும் திறந்து கிளறுவார். நானும் அதே நினைப்பில் வாரக்கணக்கில் திறந்து திறந்து பார்த்தேன். முதல் சில நாள் ஈஸ்ட் பெருகக் காற்று வேண்டும். நுரை அடங்கிய பிறகு அதே காற்று அசெட்டிக் பாக்டீரியாவுக்குத் தீனி. ஆல்கஹாலை அது வினிகராக்கிவிடும். போதாததற்கு, நாலரை லிட்டர் குடுவையில் மூன்று லிட்டர்தான் ஊற்றியிருந்தேன். மேலே இருந்த வெற்றிடம் முழுக்கக் காற்று.

ஆகவே ஆறாம் நாள் வடிகட்டி, நாலரை லிட்டர் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) மாட்டுங்கள். நுரை பொங்குவது தணிந்ததும் கழுத்துவரை நிரப்புங்கள். கொஞ்சம் குறைந்தால் ஆறவைத்த தண்ணீர். நிறையக் குறைந்தால் கடையில் வாங்கிய சிவப்பு ஒயின். அப்புறம் திறக்கக் கூடாது. ஒரு மாதம் கழித்து அடியில் சேர்ந்த மண்டியைக் கலக்காமல் சைஃபன் குழாயால் வேறு குடுவைக்கு இறக்கி, அதையும் கழுத்துவரை நிரப்புங்கள். சர்க்கரை தீர்ந்து ஹைட்ரோமீட்டர் 0.995 காட்டினால் ஆல்கஹால் ஏறக்குறைய 12.5 சதவீதம். தெளிந்தபின் ஆறு பாட்டில் கிடைக்கும். குறைந்தது ஆறு மாதம் தொடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கே அவசரப்பட்டுத் திறந்த பாட்டில் நாக்கைப் பிடித்தது.

இங்கே சொந்த உபயோகத்துக்குப் போடலாம், விற்கக் கூடாது. இந்தியாவில் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போட்ட நண்பர் ஒருவர், ஏர்லாக்கில் குமிழி நின்றதும் முடிந்தது என்று டிசம்பரிலேயே பாட்டிலில் அடைத்துவிட்டார். குளிரில் ஈஸ்ட் தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஏப்ரலில் கார்க் பறந்து, சமையலறைக் கூரையெல்லாம் ஊதாக் கறை. குமிழியை நம்பாதீர்கள். குடுவையை 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் வைத்து, மூன்று நாள் ஹைட்ரோமீட்டர் அசையாமல் 0.995 பக்கமே நின்ற பிறகு அடையுங்கள்.