அக்கூஸ்டிக் கையை எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பழக்கும் முறை

பல்லடம் பக்கம், தறிக்குடோன்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் அக்கூஸ்டிக் கிட்டார் மட்டுமே வாசித்துவிட்டு எலெக்ட்ரிக் கிட்டாரை முதன்முதலாகக் கையில் எடுத்த நாளில், எனக்கு நன்கு தெரிந்த கார்டுகள்கூடச் சுருதி விலகி ஒலித்தன; நான் மீட்டாத கம்பிகளும் சேர்ந்து முழங்கின. கிட்டாரில் பழுது எதுவும் இல்லை. தறி ஓடும் சத்தத்தை மீறி என் வாசிப்பு எனக்குக் கேட்க வேண்டுமே என்று ஆண்டுக்கணக்காக அழுத்தியே பழகிய கையில்தான் குறை இருந்தது. ஓப்பன் கார்டுகளும் பார் கார்டுகளும் ஓரளவு வாசிக்கத் தெரிந்த ஒருவர், அந்தக் கையை எந்த வரிசையில் மாற்றிக்கொள்ளலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஒலி பிறக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

அக்கூஸ்டிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேற்பலகைக்குச் சென்று காற்றை அசைக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையைப் பார்க்காதவர் நம் ஊர்ப்பக்கம் இருக்க மாட்டார். பிக்கப்பும் ஒரு காயில்தான்: காந்தத்தைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மோட்டாருக்குள் மின்சாரம் போனால் அசைவு வருகிறது. இங்கே கிட்டார் கம்பியின் அசைவு காந்தப்புலத்தைக் கலைத்து, 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தூண்டல் விதிப்படி, காயிலில் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஆகவே காந்தத்துக்கு வசப்படும் எஃகு, நிக்கல் கம்பிகளே இதற்கு ஏற்றவை. அக்கூஸ்டிக்கின் வெண்கலச் சுற்றுக் கம்பிகளை மாட்டினால் தடித்த கம்பிகளின் ஒலி மெலிந்துபோகும்.

ஒற்றைக் காயில் உள்ள பிக்கப், கம்பியின் அதிர்வோடு சுற்றியிருக்கும் மின்கருவிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க, கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர், இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை ஒன்றோடொன்று கழித்துவிடும் ஹம்பக்கரை உருவாக்கி, 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வீட்டருகே தறியோ மோட்டாரோ ஓடுகிறது என்றால், பிரிட்ஜ் பக்கத்திலாவது ஒரு ஹம்பக்கர் உள்ள கிட்டாரை எடுக்குமாறு பரிந்துரைக்கிறேன். ஒற்றைக் காயில் கிட்டார் ஏற்கெனவே கையில் இருந்தால், உட்கார்ந்திருக்கும் திசையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள்; ஏதேனும் ஒரு திசையில் இரைச்சல் குறையும்.

படி 2: வாங்கும்போது கவனியுங்கள்

கையில் இருக்கும் பணம் முழுவதையும் கிட்டாருக்கே செலவிட்டுவிட வேண்டாம். பிக்கப் தரும் சிறு மின்சாரத்தைப் பெருக்கி ஒலியாக்கும் ஆம்ப் என்பது இந்த வாத்தியத்தின் மறுபாதி. வீட்டில் பழகுவதற்கு 10 முதல் 20 வாட் வரை உள்ள, ஹெட்போன் துளை கொண்ட ஆம்ப் போதும். பூட்டுத் திருகுகளோடு மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரை முதல் கிட்டாராக எடுக்காதீர்கள். அதில் ஒரு கம்பியின் சுருதியை மாற்றினால் மற்ற ஐந்தும் நகரும். கோயம்புத்தூருக்கோ ஈரோட்டுக்கோ போய்க் கடையில் வாங்குபவர்கள், ஆம்பில் இணைத்த பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் பொறுமையாக மீட்டிக் கேட்க வேண்டும்; குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா, கேபிளை அசைத்தால் ஒலி அறுபடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

படி 3: கம்பியும் உயரமும்

அக்கூஸ்டிக்கில் பெரும்பாலும் 0.012 அங்குலத்தில் தொடங்கும் கம்பிகள் இருக்கும். இங்கே 0.009 முதல் 0.042 வரையிலான தொகுப்பை மாட்டுங்கள். 12ஆவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம் ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். பிறகு, 12ஆவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்தி மீட்டும் சுரத்தையும், அதே இடத்தில் விரலால் தொட்டு மட்டும் எழுப்பும் ஹார்மோனிக்கையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால், பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் துண்டான சேடிலை நெக்கை விட்டுப் பின்னே தள்ள வேண்டும். இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவர வேண்டும்.

படி 4: இணைக்கும் வரிசையும் எர்த்தும்

ஆம்பின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போது கேபிளை இரண்டு முனைகளிலும் செருகுங்கள்; அதன் பிறகு சுவிட்சைப் போட்டு, வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். அணைக்கும்போது இதே வரிசையைத் திருப்பிச் செய்ய வேண்டும்.

எர்த் குறித்து மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகவும் கேபிள் வழியாகவும் ஆம்பின் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறது, அது இயல்பு. ஆனால் தொடும்போது விரலில் சுரீரென்று இழுத்தால் அந்த நொடியே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை அந்த இணைப்பில் கிட்டாரைத் தொடாதீர்கள். ஒரு சித்திரை மாதம் எங்கள் வீட்டில் அப்படி இழுத்தது. எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தபோது மண் காய்ந்து வெடித்திருந்தது. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, துருப்பிடித்த இணைப்பையும் மாற்றிய பிறகுதான் சரியானது. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு துளைப் பெட்டியில் செருகுவதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

படி 5: ஆம்பை அமைத்தல்

ஆம்புக்குள் வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதை முடிவு செய்யும் கெயின் குமிழைத் தாழ்த்தி வையுங்கள். பேஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் நடுவில் நிறுத்துங்கள். முதல் வாரம் முழுவதும் இந்தத் தெளிந்த ஒலியிலேயே, இயன்றவரை ஹெட்போனில் வாசியுங்கள்.

படி 6: இடக்கையின் பாரத்தைக் குறையுங்கள்

மூன்றாம் கம்பியின் 5ஆவது ஃபிரெட்டில் விரலை அழுத்தாமல் வையுங்கள். பிக்கால் மீட்டினால் கட்டையான சத்தம் வரும். மீட்டிக்கொண்டே அழுத்தத்தை இம்மியளவாகக் கூட்டுங்கள். சுரம் தெளிவாகப் பிறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். உங்களுக்குத் தேவையான அழுத்தம் அவ்வளவுதான். அதற்கு மேல் அழுத்தினால் மெல்லிய கம்பியின் இழுவிசை கூடிச் சுருதி ஏறுவதை டியூனரின் முள்ளே காட்டிவிடும். இதை நாள்தோறும் பத்து நிமிடம், நான்கு விரல்களுக்கும் தனித்தனியாகச் செய்து, பிறகு முழுக் கார்டுகளுக்குச் செல்லுங்கள். எனக்கு மிகவும் கடினமாக இருந்த படி இதுதான்; மனம் சற்றுத் தளர்ந்தாலும் கை பழைய வலிமைக்கே திரும்பிவிடும்.

படி 7: ஒலிக்க வேண்டாத கம்பிகளை அடக்குங்கள்

ஆம்பில் கெயினை ஏற்றும்போது சிறு உரசலும் பெரிதாகிவிடும். ஆகவே ஒரு சுரத்தை எழுப்புவதற்கு ஒப்பான கவனத்தை மற்ற ஐந்து கம்பிகளை மௌனமாக வைப்பதற்கும் செலுத்த வேண்டும். நான்காம் கம்பியின் 7ஆவது ஃபிரெட்டைச் சுட்டுவிரலால் பிடியுங்கள். விரல்நுனி ஐந்தாம் கம்பியை மெல்லத் தொட்டு நிற்கட்டும். விரலின் உட்பகுதி கீழே உள்ள மூன்று மெல்லிய கம்பிகள்மீது அழுத்தமின்றிப் படியட்டும். வலக்கை உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் அருகே ஆறாம் கம்பியைத் தொடட்டும். இப்போது ஆறு கம்பிகளையும் ஒரே வீச்சில் மீட்டுங்கள். ஒரு சுரம் மட்டுமே கேட்க வேண்டும். கேட்டால் கெயினைச் சற்று ஏற்றி மீண்டும் செய்யுங்கள். வேறு கம்பி கசிந்தால் எது என்று கண்டுபிடித்து, அதற்குரிய விரலைத் திருத்துங்கள். இந்த ஒரு பயிற்சிக்கு இரண்டு வாரம் செலவானாலும் தகும்.

படி 8: டிஸ்டார்ஷனில் பவர் கார்டு

கெயினை மிகவும் ஏற்றி ஒலியைக் கரகரப்பாக்குவதே டிஸ்டார்ஷன். அதில் ஆறு கம்பி மேஜர் கார்டைப் பிடித்தால் ஒலி கலங்கிவிடும். ஏனெனில் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கின்றன. ஷட்ஜமும் பஞ்சமமும் 2-க்கு 3 என்ற விகிதத்தில் இருப்பதால், அவற்றின் வேறுபாடாகப் பிறக்கும் சுரம் ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே போய் இசைந்து நிற்கிறது. தம்புராவின் நிறைவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது எளிதில் புரியும். ஆறாம் கம்பியின் 5ஆவது ஃபிரெட்டில் சுட்டுவிரல், ஐந்தாம் கம்பியின் 7ஆவது ஃபிரெட்டில் மோதிர விரல்: இவ்விரண்டு சுரங்களே ஏ பவர் கார்டு. மற்ற கம்பிகளை 7ஆம் படியில் பழகியவாறு அடக்குங்கள்.

படி 9: கம்பியை வளைத்தல்

வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பது போல, இங்கும் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றலாம். இரண்டாம் கம்பியின் 10ஆவது ஃபிரெட்டை முதலில் மீட்டி, அந்தச் சுரத்தை வாயால் பாடி மனத்தில் நிறுத்துங்கள். பிறகு 8ஆவது ஃபிரெட்டில் மோதிர விரலை வைத்து, நடுவிரலையும் சுட்டுவிரலையும் அதற்குப் பின்னால் துணையாக ஊன்றி, கட்டைவிரலை நெக்கின் மேல் விளிம்பில் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டைச் சுழற்றிக் கம்பியை மேலே தள்ளுங்கள். பாடிய சுரத்தைக் கம்பி எட்டுகிறதா என்பதை டியூனரைப் பார்க்காமல் காதாலேயே முடிவு செய்யுங்கள்.

படி 10: பதிவு செய்து கேளுங்கள்

முதல் நாளிலேயே நான்கு வரி கொண்ட ஒரு மெட்டைக் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். நான்காம் வாரம் அதே மெட்டை அதே ஆம்ப் அமைப்பில் மீண்டும் பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சுரங்களை விட, ஒரு சுரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிகளைக் கவனியுங்கள். அங்கே எந்தக் கம்பியாவது முனகுகிறது என்றால் 7ஆம் படிக்குத் திரும்பி, அந்தக் கம்பியிலிருந்தே பயிற்சியைத் தொடங்குங்கள்.